ஐம்பத்தெட்டில் ஒரு தாளம்

வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் எமக்கு இரண்டாம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதும் பணி தரப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் ஏதேனும் ஓர் ஆண்டைத் தெரிவு செய்து, அவ்வாண்டில் ஏதேனும் ஒரு கலை எந்நிலையில் இருந்தது என்பதை ஆராய்தல் வேண்டும் என்பதே விரிவுரையாளரின் கட்டளை. "அரசியலைத் தேடிப் போகாதீர்கள், அது தானாகவே வந்து சேரும்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அச்சிரிப்பின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. என் தோழி ஒருத்தி லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிசின் 'ரேகாவ' திரையிடப்பட்ட 1956ஐ எடுத்துக்கொண்டாள். நான் ஜாஸ் இசையில் 1959ஐ எடுத்தேன். வேலணையில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு ஜாஸ் எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் பலர் நகைத்தனர். நகைப்புக்கு இடமுண்டு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

அது வந்த வழி மிகச் சாதாரணமானது. பாரிசில் வசிக்கும் என் மாமன் ஒருமுறை கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவர், திரும்பிப் போகும்போது தம் பழைய கைத்தொலைபேசியை எனக்குத் தந்துவிட்டுப் போனார். அதனுள் அவர் அழிக்க மறந்த பாடல்கள் சில கிடந்தன. சீர்காழி கோவிந்தராஜன் பாடல்களுக்கும் சில திரைப்படப் பாடல்களுக்கும் நடுவே, எவ்வாறு புகுந்ததோ அறியேன், 'ரேக் ஃபைவ்' என்றொரு வாத்திய இசையும் இருந்தது. பாடல் இல்லை, பாடுவோர் இல்லை, ஒரு பியானோ, ஒரு சாக்சபோன், ஒரு பெருநரம்பு வாத்தியம், மேளம். முதன்முறை கேட்டபோது எனக்கு அது பிடிக்கவில்லை என்பதே உண்மை. நடந்து போகிறவன் ஒரு காலைச் சற்று இழுத்து இழுத்து நடப்பது போன்ற ஒரு குறை அதில் இருப்பதாகத் தோன்றிற்று. ஆயினும், பண்ணைத் தாம்போதியின் மீது பேருந்து போகும்போது, இருபுறமும் ஆழமற்ற கடலும் அதில் நாட்டிய களங்கண்டித் தடிகளும் கடந்து செல்ல, காதில் அதனை மீண்டும் மீண்டும் கேட்கலானேன். ஏன் என்று கேட்டால் என்னிடம் விடையில்லை.

அந்தக் குறை இன்னதென்று எனக்குச் சொல்லித் தந்தவர் என் அம்மப்பா. ஒரு சனிக்கிழமை மாலை விறாந்தையில் இருந்து நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசி அருகிலே பாடிக்கொண்டிருந்தது. அவர் சாய்மனைக் கதிரையிற் கண்ணை மூடிக் கிடந்தார். உறங்குகிறார் என்றே எண்ணினேன். சிறிது நேரத்தில் அவருடைய வலக்கைப் பெருவிரல் மற்றை விரல்களின் வரைகளைத் தொட்டு நகர்வதைக் கண்டேன்.

"உது ஐஞ்செல்லோ பிள்ளை," என்றார், கண்ணைத் திறவாமலே.

"என்ன ஐஞ்சு அம்மப்பா?"

"எண்ணிப் பார். நாங்கள் தக தகிட எண்டு போடுறதை உவங்கள் தகிட தக எண்டு மாத்திப் போடுறாங்கள். ஆர் மாத்தினாலும் ஐஞ்சு ஐஞ்சுதானே. கண்டம்."

நான் வியந்துபோனேன். மேற்கத்திய இசை பெரும்பாலும் நான்கிலும் மூன்றிலும் நடப்பது. ஜாஸ் பெரும்பாலும் நான்கில் நடப்பது. 'ரேக் ஃபைவ்' ஐந்தில் நடக்கிறது என்பதும், அதுவே அதன் புகழுக்கு ஒரு காரணம் என்பதும் பின்னர் நான் படித்தறிந்தவை. ஜாஸ் என்ற சொல்லையே கேட்டிராதவர் என்று நான் கருதிய ஒரு கிழவர் அதை விரல் வரையில் எண்ணிச் சொல்லிவிட்டார். எவ்வாறு தெரியும் என்று கேட்டேன். "கொஞ்சக் காலம் மிருதங்கம் பழகினனான்," என்றார். பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன். "பிறகு விட்டிட்டன்," என்றார். என் தாயார்கூட அவர் மிருதங்கம் பழகிய செய்தியை அன்றுதான் முதன்முதலாக அறிந்தார்.

எனவே கட்டுரைக்கு 1959ஐத் தெரிவு செய்ததில் வியப்பேதுமில்லை. ஜாஸ் வரலாற்றாசிரியர்கள் அவ்வாண்டைப் பொன்னாண்டாகக் கொள்வர். மைல்ஸ் டேவிசின் 'கைண்ட் ஒஃவ் புளூ' வெளிவந்தது அவ்வாண்டிலே. ஜோன் கோல்ற்றேனின் 'ஜயன்ற் ஸ்ரெப்ஸ்' பெரும்பாலும் பதிவானது அவ்வாண்டிலே. சார்ள்ஸ் மிங்கஸ், ஓர்னெற் கோல்மன் ஆகியோரின் பெரும் இசைத்தட்டுகளும் அவ்வாண்டுக்குரியனவே. 'ரேக் ஃபைவ்' இடம்பெற்ற 'ரைம் அவுட்' என்னும் இசைத்தட்டு 1959 ஜூன் முதல் ஓகஸ்ற் வரையான காலத்தில் நியூயோர்க்கில் ஒலிப்பதிவு செய்யப்பட்டு, டிசம்பரில் வெளியானது. டேவ் புரூபெக் என்னும் பியானோக் கலைஞரின் நால்வர் குழு அது. சாக்சபோன் வாசித்த போல் டெஸ்மண்டே 'ரேக் ஃபைவ்'வை இயற்றினார். மேளம் ஜோ மொறெல்லோ. பெருநரம்பு யூஜின் றைற்.

ஆனால் 1959ஐப் படிக்கப் படிக்க அது தன் காலில் நிற்கும் ஆண்டன்று என்பது புலனாயிற்று. குறிப்பாக 'ரைம் அவுட்'டின் வேர் அதற்கு முந்திய ஆண்டிலே கிடக்கிறது. 1958இல் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் புரூபெக் குழுவினரைத் தூதர்கள்போல நாடு நாடாக அனுப்பியது. பனிப்போர்க் காலம்; சோவியத் நாடு தன் நடனக் குழுக்களை அனுப்ப, அமெரிக்கா ஜாஸ் இசைஞரை அனுப்பிற்று. 1956இல் டிஸி கில்லெஸ்பி தொடங்கிவைத்த வழி அது. புரூபெக் குழுவினர் போலந்திலும் துருக்கியிலும் வாசித்துவிட்டு ஆசியாவுக்குள் வந்தனர். இஸ்தான்புல் நகரத் தெருவொன்றில் ஒன்பது அட்சரத்தில் வாசித்துக்கொண்டிருந்த இசைஞரைக் கேட்டு மயங்கிய புரூபெக், அவ்வொன்பதை அடுத்த ஆண்டில் 'புளூ ரொண்டோ' ஆக்கினார். இதையும் அம்மப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று நடப்பது அது. "தக தக தக தகிட," என்று அவர் உடனே சொன்னார், "சங்கீர்ணம். ஆனால் உவங்கள் இடையிலை நாலுக்குப் போட்டாங்கள், கேட்டியோ?" உண்மைதான். அவ்விடத்தில் ஒன்பது நின்று நான்கு தொடங்குகிறது. நான் மூன்று ஆங்கில நூல்களிற் படித்து விளங்கிக்கொண்டதை அவர் சாய்மனையிற் கிடந்தபடியே கண்டுகொண்டார்.

இந்தியாவில் அக்குழுவினர் கண்டவை எமக்கு இன்னும் நெருக்கமானவை. பம்பாயில் சிதார்க் கலைஞர் அப்துல் ஹலீம் ஜாஃபர் கானோடு புரூபெக் சேர்ந்து வாசித்தார். சென்னையில் அவர்கள் சந்தித்தவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை. இடக்கையால் வலந்தலையை வாசித்த அம்மேதையின் பெயரை மிருதங்கம் அறிந்தோர் இன்றும் வணக்கத்தோடு சொல்வர். ஜோ மொறெல்லோவோ பிறவியிலேயே பார்வை மங்கியவர். சிறுவயதில் வயலின் பயின்று, பின்னர் மேளத்துக்கு மாறியவர். ஒருவர் பேசும் மொழி மற்றவருக்குத் தெரியாத நிலையில் இருவரும் தத்தம் வாத்தியங்களோடு எதிரெதிரே இருந்த அக்காட்சியை என்னாற் கற்பனை செய்யாமல் இருக்க முடியவில்லை. ஒருவர் மடியில் பலாக்கட்டையும் தோலும். மற்றவர் முன்னே அரைவட்டமாக மேளங்களும் வெண்கலத் தட்டுகளும். கணக்கு ஒன்றாயிருந்தால் அறிமுகம் வேண்டியதில்லைப் போலும்.

நாடுகளின் பட்டியலைப் பார்த்துக்கொண்டு வந்தபோது ஓரிடத்தில் என் விரல் நின்றது. போலந்து, துருக்கி, இந்தியா, கிழக்கு மேற்குப் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், ஈராக், அவற்றிடையே இலங்கை. 1958. கொழும்பு.

அம்மப்பா அப்போது கொழும்பில் இருந்தவர். 21 வயது, அரசாங்கத் திணைக்களமொன்றில் இலிகிதர், வெள்ளவத்தையில் வாடகை அறை. இவ்வளவும் எங்கள் குடும்பத்தில் யாவரும் அறிந்தவை. நான் பெருமகிழ்ச்சியோடு வீட்டுக்கு ஓடினேன். கட்டுரைக்கு நேரிற் கண்ட சாட்சியொன்று என் வீட்டு விறாந்தையிலேயே கிடைத்துவிட்டதென்று எண்ணினேன். "அம்மப்பா, 58ஆம் ஆண்டு கொழும்பிலை உந்த ஐஞ்சு வாசிச்ச ஆக்கள் வந்தவையாம். நீங்கள் கேள்விப்பட்டனீங்களோ?" என்றேன்.

அவர் முகம் மாறிற்று. "உனக்கு உந்த வருசத்தை விட்டால் வேறை வருசம் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டுவிட்டு எழுந்து கிணற்றடிப் பக்கமாகப் போனார்.

வரலாற்று மாணவியாகிய நான் அவ்வாண்டை அறியாதவளல்லள். 1957 ஜூலையில் எழுதப்பட்ட பண்டா - செல்வா ஒப்பந்தம் 1958 ஏப்ரல் 9இற் கிழிக்கப்பட்டதும், வாகன இலக்கத் தகட்டில் 'ஸ்ரீ' எந்த எழுத்தில் இருப்பதென்று நாடெங்கும் தார் பூசித் திரிந்ததும், மே 22இற் கலவரம் மூண்டு 27இல் அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டதும், கொழும்பிலிருந்து தமிழர் கப்பல்களில் வடக்கே அனுப்பப்பட்டதும் பரீட்சைக்கு நான் மனனம் செய்தவை. தார்சி விற்றாச்சியின் 'எமேர்ஜென்சி 58' என் மேசையில் இருந்தது. அப்படியிருந்தும் ஜாஸ் கட்டுரைக்கு 1958 என்று எழுதியபோதும், பரீட்சைக்கு 1958 என்று எழுதியபோதும் அவை இரண்டும் ஒரே ஆண்டென்பது என் மனதில் உறைக்கவேயில்லை. ஒன்று இசைக்குரிய ஆண்டு, மற்றது எங்களுக்குரிய ஆண்டு என்று இரு கொப்பிகளில் வைத்திருந்தேன் எனலாம். அந்நால்வரும் கொழும்பை விட்டுப் போன சில வாரங்களுக்குள்ளேயே அந்நகரத் தெருக்களில் ஆட்களைப் பெயர் கேட்டு அடித்தார்கள்.

அதன்பின் இரண்டு வாரம் நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே ஒருநாள் தொடங்கினார். ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது; மின்சாரம் நின்றுபோயிருந்தது. அவர் சொன்னதை அவர் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். பெயர்களை மட்டும் விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார்.

அவர் தங்கியிருந்த அறை ஒரு பறங்கி மாதின் வீட்டுக்குப் பின்புறம் இருந்தது. கணவனை இழந்த அம்மாதுக்கு அம்மப்பாவின் வயதொத்த ஒரு மகன். பகலில் ஒரு வர்த்தக நிறுவனத்தில் வேலை. சனிக்கிழமை இரவுகளில் நடன விருந்துகளில் மேளம் வாசிப்பான். அக்காலக் கொழும்பில் மேற்கத்திய நடன இசை பெரும்பாலும் பறங்கியர் கையிலே இருந்தது. அம்மப்பாவோ வெள்ளவத்தையில் ஓர் ஆசிரியரிடம் வாரம் இருமுறை மிருதங்கம் பயின்றார். முதற் சம்பளங்களில் மிச்சம் பிடித்து வாங்கிய மிருதங்கம் அது. சாதகம் செய்யும்போது சத்தம் வெளியே போகக்கூடாதென்று சன்னலைச் சாத்திக்கொள்வாராம். அந்தப் பெடியன் சன்னலைத் தட்டித் திறக்கச் சொல்வானாம்.

"அவன்தான் உந்த அமெரிக்கரைப் பாக்கப் போனவன். எனக்கு ரிக்கற்றுக்குக் காசில்லை. ஆசையும் இல்லை எண்டு வையன். இரவு பதினொரு மணிக்கு வந்து கதவைத் தட்டினான். சாப்பாட்டு மேசையிலை ரண்டு கையாலையும் அடிச்சுக் காட்டுறான், மேளக்காரன் என்ன செய்தவன் எண்டு. 'இது என்ன கணக்கு சொல்லு, இது என்ன கணக்கு சொல்லு' எண்டு ஒரே அரியண்டம். நான் எண்ணிச் சொன்னன். பிறகு மிருதங்கத்தை எடுத்து வைச்சு வாசிச்சும் காட்டினன். அவன்ரை தாய் வந்து பேசுமட்டும் ரண்டு பேரும் விடேல்லை."

அவ்விரவு அவர்கள் என்ன வாசித்தார்கள் என்று கேட்டேன். அம்மப்பா அதற்கு நேரடியாக விடை சொல்லவில்லை. மேசைக்காரன் நான்கைவிட்டு விலகி விலகிப் போய்த் திரும்பி வந்து சேர்ந்தான் என்றும், எங்கே வந்து சேர்வான் என்பது தமக்கு முன்கூட்டியே தெரிந்தது என்றும், அவ்வாறு தெரிந்தது தமக்கே வியப்பாயிருந்தது என்றும் மட்டும் சொன்னார். மிருதங்கத்தில் இருந்த தேர்ச்சி தமக்கு மிகச் சொற்பம் என்பதையும் இருமுறை சொன்னார். அதில் பொய்யான அடக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

மே மாதக் கடைசியில் கும்பல் அவ்வீதிக்கு வந்தது. முதல்நாளே செய்தி எட்டிவிட்டதால் அம்மாது அம்மப்பாவைத் தன் வீட்டு உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பின்னறையில் தமிழனுக்குரிய பொருளெதுவும் இருத்தலாகாது என்றாள். நாட்காட்டி, முருகன் படம், வேட்டி, திருநீற்றுக் குட்டான், தமிழ்ப் புத்தகங்கள் எல்லாம் ஒரு சாக்கில் கட்டப்பட்டு அடுப்படிக்குப் போயின. எரிக்கத்தக்கவை எரிந்தன. மிருதங்கத்தை எரிப்பதற்கு நேரமில்லை, ஒளிப்பதற்கு இடமில்லை. அது கட்டிலின் கீழே நுழையவில்லை. அலுமாரியில் வைத்தால் திறந்தவுடன் தெரியும். வீட்டை நெருப்பு வைக்க வருகிறவன் அதைக் கண்டால் அவனுக்கு வேறு அத்தாட்சி எதற்கு?

"கிணத்துக்கை போட்டது நான்தான் பிள்ளை. அவை போடச் சொல்லேல்லை. அந்தப் பெடியன் 'என்ரை எண்டு சொல்லுறன், வை' எண்டு மறிச்சவன். நான்தான் கேக்கேல்லை. பயம்."

சிறிது நேரம் மழையின் ஓசை மட்டும் கேட்டது. பிறகு சொன்னார்:

"மிதந்தது. பலாக்கட்டையெல்லோ, தாழேல்லை. சுத்திச் சுத்தி மிதந்தது. அவன் குசினிக்கை ஓடிப்போய் அம்மிக் குழவியைக் கொண்டுவந்தான். வாரிலை கயிறு போட்டுக் கட்டி ரண்டு பேருமாய் இறக்கினம்."

கும்பல் வந்தது, அம்மாது வாசலில் நின்று பேசினாள், போய்விட்டது. மறுநாள் அம்மப்பா முகாமுக்குச் சேர்ந்தார். அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறை. காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம், வேலணை. ஐந்து மாதங்களுக்குப் பின் வேலைக்குத் திரும்பினார். அதே வீட்டுக்கே மீண்டும் போனார். அவர்கள் கிணற்றைப் பற்றிப் பேசவில்லை, அவரும் பேசவில்லை. அக்கிணற்றுத் தண்ணீரில் குளித்தார், குடித்தார். மிருதங்க ஆசிரியரை வீதியிற் கண்டபோது மறுபக்கம் கடந்து போனார். அறுபதுகளில் அந்தப் பறங்கிக் குடும்பம், அக்காலத்தில் அவ்வினத்தார் பலர் போனதுபோல, அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. சிங்களம் மட்டும் என்ற சட்டம் எங்களை மட்டும் வெளியேற்றவில்லை என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்வது தகும்.

இதனை எழுதும்போது புரூபெக் குழுவின் மற்றொரு செய்தி என் மனதில் வந்து நிற்கிறது. அந்நால்வருள் மூவர் வெள்ளையர். யூஜின் றைற் கறுப்பினத்தவர். 1958 பெப்ரவரியில், உலகுக்கு அமெரிக்கச் சுதந்திரத்தை எடுத்துக்காட்டப் புறப்படுவதற்குச் சற்று முன்னர், வட கரோலைனா மாநிலத்துக் கல்லூரியொன்றில் அவர்கள் வாசிக்கப் போனார்கள். கறுப்பரை மேடையில் ஏற்ற முடியாதென்றனர் அங்கிருந்தோர். அவரின்றி வாசிக்க முடியாதென்றார் புரூபெக். மண்டபத்தில் மாணவர் பொறுமையிழந்து கால்களால் நிலத்தை உதைத்தனர். முடிவில், றைற் மேடையின் பின்புறத்தே நிற்கவேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. கச்சேரி நடுவில் புரூபெக் ஒலிவாங்கி பழுதென்று சொல்லி, முன்னே வந்து வாசிக்குமாறு றைற்றை அழைத்துவிட்டார். மாணவர் ஆரவாரித்தனர். 1960இல் தென்மாநிலக் கல்லூரிகள் பல இதே காரணத்தை மீண்டும் சொன்னபோது, பெரும் வருவாய்க்குரிய அப்பயணத்தை அவர் கைவிட்டார். அதற்கு முன்னரே 1957இல், லிற்றில் றொக் நகரத்துக் கறுப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் விடாத கொடுமையைக் கண்டு, லூயி ஆம்ஸ்ரோங் தமது சோவியத் பயணத்தை மறுத்திருந்தார். பின்னர் புரூபெக்கும் அவர் மனைவி அயோலாவும் இத்தூதுவ வேடத்தையே எள்ளி 'த றியல் அம்பாசடர்ஸ்' என்னும் இசை நாடகத்தை ஆக்கினர். 1962இல் அதில் ஆம்ஸ்ரோங்கே பாடினார்.

எனவே அமெரிக்கா அனுப்பிய இசைத்தூது கபடமற்றது என்று நான் வாதிடப் போவதில்லை. தன் வீட்டில் மறுத்ததைப் பிறர் வீட்டில் காட்சிக்கு வைத்த நாடு அது. எனினும் அனுப்பியவனின் கபடம் வாசித்தவனின் கையில் இறங்கவில்லை என்று நினைக்கிறேன். றைற்றும் மற்ற மூவரும் கொழும்பு மேடையில் ஒன்றாக நின்றதைப் பார்த்த மக்களுள் பின்னர் கல்லெடுத்தவர் எவரேனும் இருந்தனரா என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. இருந்திருக்கலாம். இசை மனிதரை ஒன்றுசேர்க்கும் என்று மேடைகளிற் சொல்லப்படுவதை அம்மப்பாவின் கதையைக் கேட்ட பின்னர் என்னால் அவ்வளவு எளிதாக ஏற்க முடியவில்லை. அந்தப் பெடியனை அவரோடு சேர்த்தது இசைதான், ஐயமில்லை. ஆனால் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவர் அஞ்சியதும் அதே வாத்தியத்தைத்தான்.

இவ்விடத்தில் ஒரு கேள்வியை அவரிடம் கேட்கத் துணிந்தேன். 1958இலேயே விட்டுவிட்டீர்கள் என்றால் இன்றுவரை விரல் எவ்வாறு எண்ணுகிறது? ஊர்க் கோயில்களின் தவிற்சமா எதையும் தாம் விட்டதில்லை என்றார் அவர். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டால் சைக்கிளில் எங்கேயும் போய்விடுவாராம். 1975இல் அவர் மறைந்த செய்தி கேட்டு அன்று முழுதும் உண்ணவில்லையாம். ஆனால் மேடைக்கு முன்னே போய் இருப்பதில்லை. வெளிவீதியில், தேர்முட்டியடியில் நின்று கேட்பாராம். "முன்னுக்கு இருந்தால் கை தாளம் போடும். ஆரும் பாத்து, 'நீர் பழகினனீரோ' எண்டு கேட்டால்?" என்றார். 1990இல் தீவுப்பகுதியை விட்டு எங்கள் சனம் இடம்பெயர்ந்தபோது வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியையும் விட்டுவிட்டே போனார்கள். திரும்பி வந்தபோது பெட்டியும் இல்லை, கூரையும் இல்லை. அதைச் சொல்லும்போது அவர் குரல் தளரவில்லை. பிறர் கொண்டுபோனவற்றைப் பற்றி அவர் எளிதாகப் பேசுகிறார்.

'ரைம் அவுட்'டை வாசித்த நால்வரும் இன்று உயிரோடில்லை. டெஸ்மண்ட் 1977இலும், மொறெல்லோ 2011இலும், புரூபெக் 2012இலும், றைற் 2020இலும் காலமாயினர். வெள்ளவத்தைப் பெடியன் என்ன ஆனான் என்பது தெரியாது. தேடித் தரவா என்று கேட்டதற்கு அம்மப்பா தலையை அசைத்து மறுத்துவிட்டார். மெல்பேணில் அவனுக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கக்கூடும். அவர்களுள் ஒருத்தியிடம் அவனும் ஓர் அம்மிக் குழவியைப் பற்றிச் சொல்லியிருக்கக்கூடும். அல்லது சொல்லாமலே போயிருக்கவும் கூடும்.

விரிவுரையாளருக்கு நான் கொடுத்த கட்டுரையில் இவை எதுவும் இல்லை. இஸ்தான்புல்லும் சென்னையும் நியூயோர்க்கும் இருந்தன. கொழும்புக்கு ஒரு வரி. கலவரத்துக்கு அரை வரி. அவர் திருப்பித் தந்தபோது அந்த அரை வரியின் கீழ் மட்டும் பென்சிலால் ஒரு கோடு இருந்தது, குறிப்பெதுவும் எழுதவில்லை. அந்தக் கோட்டுக்காகவே இதனை எழுதலானேன்.

சென்ற வாரம் ஊருக்குப் போனபோது அம்மப்பா தாமாகவே அந்த ஐந்தைப் போடச் சொன்னார். கைத்தொலைபேசியைச் சாய்மனையின் கையிலே வைத்தேன். நடுவில் மேளம் தனியே வாசிக்கும் இடம் வந்தது. பியானோ மட்டும் அந்த ஐந்தை விடாமல், சலிக்காமல், அதையே மீட்டுக்கொண்டிருக்க, மொறெல்லோ அதிலிருந்து விலகிப் போகிறார், நீண்ட நேரம் ஒன்றும் அடிக்காமல் நிற்கிறார், பிறகு ஓரடி, பிறகு ஈரடி.

"மேளக்காரன் கெட்டிக்காரன்தான். ஆனால் பியானோக்காரனைக் கவனி," என்றார் அம்மப்பா. "அவன் அங்கை பிடிச்சுக்கொண்டு நிக்கிறதாலைதான் இவன் இவ்வளவு தூரம் போறான்."

பாட்டு முடிந்தது. அடுத்ததாகச் சீர்காழியின் பாடல் தொடங்கிற்று. அவர் அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, "மேளம் தனியாய் வாற இடத்திலையிருந்து இன்னொருக்காப் போடு," என்றார். அந்த இடத்தைத் தேடிப் போட எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அதற்குள் அவருடைய இரண்டு கைகளும் மடியிலிருந்து எழுந்து, சாய்மனைக் கதிரையின் இரு கைப்பிடிகளிலும் போய் அமர்ந்திருந்தன.